பத்து யூனிட் என்று நீங்கள் எடுத்தது பத்து யூனிட் அல்ல

கடிதத்தின் சுருக்கம்

கோவை மாவட்டத்திலிருந்து 38 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். உயரம் 168 செ.மீ., எடை 94 கிலோ. ஜிம்மில் பழக்கமான ஒருவர் மூலம் பொடியாக உள்ள இரண்டு குப்பிகளை வாங்கியிருக்கிறார். எடை குறைய வாங்கியதில் ‘செமாக்ளூட்டைடு 5 மி.கி.’ என்றும், தோள்பட்டை வலிக்காக வாங்கியதில் ‘பிபிசி-157’ என்றும் ஒட்டியிருக்கிறது. இரண்டிலும் ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்ற வரி இருக்கிறது.

மருந்துக்கடையில் ஊசிக்குக் கலக்கும் தண்ணீர் 5 மி.லி. வாங்கி, அதில் 2 மி.லி.யை முதல் குப்பியில் விட்டுக் கரைத்திருக்கிறார். இணையத்தில் கிடைத்த கணக்குப்படி முதல் வாரம் 10 யூனிட், இரண்டாம் வாரம் 20 யூனிட். அம்மாவின் இன்சுலினுக்காக வீட்டில் இருக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்து, தொப்புளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அதே குப்பியிலிருந்து அதே மாதிரி சிரிஞ்சில் நண்பர் ஒருவரும் 10 யூனிட் எடுத்துக்கொண்டார். இரண்டாவது ஊசிக்குப் பிறகு மூன்று நாள் வாந்தி. பயந்துபோய் மூன்றாம் வாரம் போடவில்லை. இப்போது முதல் ஊசி போட்ட இடத்தில் பட்டாணி அளவில் தொடங்கிய கட்டி நெல்லிக்காய் அளவுக்கு வந்து சிவந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை. ‘பல வாரம் வரும் என்றார்கள், அதற்குள் குப்பி பாதி காலியாகிவிட்டது’ என்றும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார்.

அவர் கேட்பவை: 99 சதவீதம் சுத்தம் என்று ரிப்போர்ட் இருக்கும்போது இப்படி ஆகுமா? ஸ்பிரிட்டால் துடைத்து, ஃபில்டர் வாங்கி வடிகட்டினால் இனி பயமில்லையா? ஃப்ரிட்ஜில் மிச்சமிருக்கும் 3 மி.லி. தண்ணீரில் இரண்டாவது குப்பியைக் கலக்கலாமா? டாக்டரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டுமா?

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அவசரமானது. அந்தக் குப்பியிலிருந்து இனி ஒரு சொட்டுகூட எடுக்காதீர்கள். இரண்டாவது குப்பியைத் திறக்காதீர்கள். கட்டியைப் பிதுக்கவோ, ஊசியால் குத்திப் பார்க்கவோ, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பழுக்க வைக்கவோ வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடவும் வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன். நாளைக்குள் ஒரு பொது மருத்துவரையோ அறுவை சிகிச்சை நிபுணரையோ பார்த்துவிடுங்கள். குப்பிகளையும் மிச்சத் தண்ணீரையும் குப்பையில் போடாமல், ஜிப் கவரில் போட்டு மூடி, ஃப்ரிட்ஜில் தனியாக வைத்திருங்கள். கட்டியில் எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க அவை தேவைப்படலாம்.

குப்பி பாதி காலியானது எப்படி

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது இந்த வரிதான். நீங்கள் 10, 20, நண்பர் 10, ஆக மொத்தம் 40 யூனிட். இணையக் கணக்கு யூ-100 சிரிஞ்சை வைத்துப் போடப்பட்டது. அதில் 100 கோடு சேர்ந்தால் 1 மி.லி.; 40 யூனிட் என்றால் 0.4 மி.லி. அதாவது 2 மி.லி.யில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்திருக்க வேண்டும். உங்களுக்குப் பாதி போயிருக்கிறது.

காரணம் அந்தச் சிவப்பு மூடி. நம் நாட்டில் ஒரு மி.லி.யில் 40 யூனிட் உள்ள இன்சுலின் குப்பிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றுக்கான யூ-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. யூ-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. யூ-40 சிரிஞ்சில் 40 கோட்டிலேயே 1 மி.லி. நிறைந்துவிடும். ஆகவே அதில் 10 கோடு என்பது 0.25 மி.லி. யூ-100 சிரிஞ்சில் அதே 10 கோடு 0.1 மி.லி.தான். நீங்கள் எடுத்ததெல்லாம் நினைத்ததைப்போல இரண்டரை மடங்கு.

மில்லிகிராமில் பாருங்கள். லேபிளில் உள்ளது உண்மை என்றே வைத்துக்கொண்டால், 5 மி.கி. பொடியில் 2 மி.லி. தண்ணீர் விட்டால் ஒரு மி.லி.யில் 2.5 மி.கி. இருக்கும். முதல் வாரம் 0.25 மி.கி. போட நினைத்தீர்கள், போனது 0.625 மி.கி. இரண்டாம் வாரம் போனது 1.25 மி.கி. எடைக் குறைப்புக்கு மருத்துவர்கள் இதை எப்படிக் கொடுக்கிறார்கள் தெரியுமா? நான்கு வாரம் 0.25, அடுத்த நான்கு வாரம் 0.5, அதன் பிறகே 1 மி.கி. குடல் பழகுவதற்காகத்தான் இந்த நிதானம். மூன்றாவது மாதத்துக்கு உரிய அளவைத் தாண்டி இரண்டாவது வாரமே போட்டிருக்கிறீர்கள். வாந்தி வந்ததில் வியப்பில்லை.

இந்தத் தவறு உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. குப்பியிலிருந்து செமாக்ளூட்டைடை அளந்து எடுத்துப் போட்டுக்கொண்ட நோயாளிகள் சிலர் உரிய அளவைப்போல 5 முதல் 20 மடங்கு வரை எடுத்துவிட்டார்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 ஜூலையில் எச்சரித்தது. மருத்துவப் பணியாளர்களே கணக்கைத் தவறாகப் போட்டுக் கொடுத்த சம்பவங்களும் அதில் இருந்தன. மில்லிகிராம், மில்லிலிட்டர், யூனிட் மூன்றும் ஒரே பேச்சில் வரும்போது தசமப் புள்ளி எங்கே வேண்டுமானாலும் நழுவும்.

செமாக்ளூட்டைடு உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். முழுவதும் வெளியேற ஐந்து வாரம் பிடிக்கும். அதிகம் போய்விட்டால் திரும்ப எடுக்க வழியில்லை, முறி மருந்தும் கிடையாது. அதனால் இப்போது வாந்தி நின்றிருந்தாலும் ரத்தத்தில் சர்க்கரை, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், லைப்பேஸ் ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. மூன்று நாள் வாந்தியில் உடல் வறண்டு சிறுநீரகம் பாதிக்கப்படலாம்; கணையம் வீங்கியிருந்தால் லைப்பேஸில் தெரியும்.

99 சதவீதம் சொல்லாதவை

அந்த ரிப்போர்ட் பொய் என்று சொல்லவில்லை. அது உங்கள் கையில் இருக்கும் குப்பியைச் சோதித்து எழுதியதா, வேறொரு தொகுதியினுடையதா என்பது தனிக் கேள்வி. உண்மையானது என்றே வைத்துக்கொள்வோம். இந்தச் சதவீதத்தைத் தரும் ஹெச்.பி.எல்.சி. என்ற சோதனை, மாதிரியில் புற ஊதா ஒளியை உறிஞ்சும் பொருட்களைப் பிரித்து, அவற்றில் எத்தனை பங்கு முக்கிய பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; உங்கள் இரண்டு குப்பிகளின் லேபிளில் உள்ளவை இந்த வகைதான்) என்று காட்டும். உப்பும் ஈரமும் அதில் தெரியாது. ஆகவே 99 என்று வந்துவிட்டால் குப்பிக்குள் சரியாக 5 மி.கி. இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. கிருமி இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை. எண்டோடாக்சினையும் பார்ப்பதில்லை.

இந்த எண்டோடாக்சினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊசி கலப்பவர்கள் பலர் கேள்விப்படாத விஷயம் இது. சில வகை பாக்டீரியாக்களின் மேலுறையில் உள்ள நச்சு அது. பாக்டீரியா செத்த பிறகும் நச்சு அப்படியே இருக்கும். ரத்தத்தில் போதிய அளவு கலந்தால் சில மணி நேரத்தில் குளிர் நடுக்கம், காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு வரும். ஊசி மருந்துகளுக்கு இதன் உச்ச வரம்பு, ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 5 எண்டோடாக்சின் அலகு. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் இது போகாது. குக்கர், ஆட்டோகிளேவ் எதிலும் போகாது. மருந்துத் தொழிற்சாலைகளில் கண்ணாடிக் குப்பிகளை 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்து இதை அழிக்கிறார்கள். பெப்டைடு அந்தச் சூட்டைத் தாங்காது. நீங்கள் கேட்ட 0.22 மைக்ரான் ஃபில்டர் பெரும்பாலான பாக்டீரியாக்களைத் தடுக்கும். எண்டோடாக்சின் அதற்குள் புகுந்து வந்துவிடும். மேலும், அந்த ஃபில்டரைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பொருத்தும்போது புதிதாக இரண்டு மூட்டுகளில் கை படுகிறது.

லேபிளில் உள்ள பொருள்தான் உள்ளே இருக்கிறதா என்பதும் உறுதியில்லை. 2023 அக்டோபரில் ஆஸ்திரியாவில், செமாக்ளூட்டைடு என்று நம்பிப் போட்டுக்கொண்ட சிலர் சர்க்கரை வெகுவாக இறங்கி, வலிப்பு வந்து மருத்துவமனையில் சேர்ந்தார்கள். உள்ளே இருந்தது இன்சுலின் என்பது அந்நாட்டு அதிகாரிகளின் சந்தேகம். போலி செமாக்ளூட்டைடு பற்றி உலக சுகாதார நிறுவனமும் 2024 ஜூனில் எச்சரிக்கை வெளியிட்டது.

மிச்சமுள்ள அந்த ஒரு சதவீதத்திலும் விஷயம் இருக்கிறது. தயாரிப்பில் ஓர் அமினோ அமிலம் விட்டுப்போன துண்டுகள், ஒன்றோடொன்று ஒட்டித் திரண்ட மூலக்கூறுகள் ஆகியவற்றை உடல் அந்நியப் பொருளாகக் கருதி எதிர்ப்புப் புரதம் உண்டாக்கலாம். சிவப்பணு உற்பத்தியைத் தூண்ட சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுக்கும் எரித்ரோபொய்ட்டின் ஊசி ஒன்றில், 1998-ல் நிலைப்படுத்தும் பொருளை மட்டும் மாற்றினார்கள். அதன் பிறகு சிலருக்கு உடல் தானாகச் சுரக்கும் எரித்ரோபொய்ட்டினையும் அழிக்கும் எதிர்ப்பு உருவாகி, சிவப்பணு உற்பத்தியே நின்றுபோனது. முறையான தொழிற்சாலையில் தயாராகிக் கண்காணிப்பில் இருந்த மருந்து அது.

தண்ணீரும் குப்பியும்

நீங்கள் வாங்கிய தண்ணீர் நல்ல தண்ணீர்தான். ஆனால் அது ஒரே தடவைக்கு உரியது. அதில் கிருமி வளர்வதைத் தடுக்கும் பொருள் எதுவும் கிடையாது. அந்தத் தண்ணீர் வரும் ஆம்பூலை (உடைத்துத் திறக்கும் சிறு குப்பி) திறந்த பிறகு மூடி வைக்க முடியாது; பிளாஸ்டர் ஒட்டினாலும், ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அது திறந்ததுதான். ஆகவே அந்த 3 மி.லி.யை எதிலும் கலக்கக் கூடாது. அதே தண்ணீரில் கரைத்த குப்பியை வாரக்கணக்கில் வைத்து மூன்று முறை குத்தி எடுத்ததும் அதே தவறுதான்.

வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வது வேறு தண்ணீர். அதில் 0.9 சதவீதம் பென்சைல் ஆல்கஹால் இருக்கும்; ஒருமுறை குத்திய பின் 28 நாள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது அதற்கான விதி. அதுவும்கூடக் கிருமி பெருகுவதை மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். ஏற்கெனவே அசுத்தமான பொடியை அது சுத்தமாக்காது. எல்லாக் கிருமிக்கும் அது எமனும் அல்ல. கரைசல் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்ததே என்கிறீர்கள். ஒரு மி.லி.யில் லட்சக்கணக்கில் பாக்டீரியா இருந்தாலும் கண்ணுக்குத் தெளிவாகவே தெரியும். கலங்கல் தெரியும்போது காரியம் கைமீறியிருக்கும்.

ஸ்பிரிட் விஷயத்தில் உங்கள் எண்ணம் பாதி சரி. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ரப்பர் மூடியைத் தேய்த்து, தானாகக் காயவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே குத்தினால் பலனில்லை. ஆனால் அது சுத்தம் செய்வது மூடியின் மேற்பரப்பை மட்டுமே. உள்ளே இருக்கும் பொடி எந்த அறையில், எந்தக் காற்றில் அடைக்கப்பட்டது என்பதை நீங்கள் வெளியே எவ்வளவு துடைத்தாலும் மாற்ற முடியாது. அமெரிக்காவில் 2012-ல் மருந்து கலந்து தரும் ஒரு நிறுவனத்தின் ஸ்டீராய்டு ஊசியில் பூஞ்சை கலந்து 750-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உரிமமும் சுத்த அறையும் இருந்த இடத்தில் நடந்தது அது.

வீட்டில் பொடியைக் கலப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. குழந்தைப்பேறு சிகிச்சையில் இருக்கும் பெண்கள் சிலர் ஹார்மோன் பொடியை வீட்டிலேயே கலந்து போட்டுக்கொள்கிறார்கள். அங்கே பொடியும் அதற்குரிய தண்ணீரும் உரிமம் பெற்ற தொழிற்சாலையில் கிருமி, எண்டோடாக்சின் சோதனைகள் முடித்து வருகின்றன. அளவை மருத்துவர் எழுதித் தருகிறார், நர்ஸ் செய்து காட்டுகிறார். உங்களிடம் உள்ள குப்பிக்கு இவை எதுவுமே இல்லை. எவ்வளவு சுத்தமாகக் கலந்தாலும் இந்தக் குறை தீராது.

அந்தக் கட்டி

ஊசி போட்ட இரண்டு மூன்று நாளில் வலியும் சூடுமாகக் கட்டி வந்தால், பெரும்பாலும் தோலில் உள்ள ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா காரணமாக இருக்கும். உங்களுடையது தாமதமாக வந்திருக்கிறது, மெதுவாக வளர்கிறது, காய்ச்சல் இல்லை. இப்படிப்பட்ட கட்டியில் தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் மைக்கோபாக்டீரியா வகைகளை நினைத்துப் பார்க்க வேண்டும். காசநோய்க் கிருமியின் உறவு இவை. ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை. வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காது. மருந்துக்கடை மாத்திரையில் அரைகுறையாகக் குறைந்து, மறுபடி வந்து, பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பும். அந்த மாத்திரை சோதனை முடிவையும் குழப்பிவிடும். இதுவாக இருந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளை மாதக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும்; சிலருக்கு அறுவையும் தேவைப்படும்.

ஆகவே கட்டியிலிருந்து சீழ் எடுக்கும்போது, சாதாரண கல்ச்சருடன் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை), மைக்கோபாக்டீரியாவைச் சாயமேற்றித் தேடும் ஏ.எஃப்.பி. சோதனைக்கும் மைக்கோபாக்டீரியா கல்ச்சருக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ஊசி போட்ட கதையைச் சொல்லாவிட்டால் இந்தச் சோதனை மருத்துவருக்குத் தோன்றாமலே போகலாம். வெறும் கொழுப்புக் கட்டி என்றோ சாதாரண சீழ் என்றோ கீறிவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள், அல்லது அவசரப் பிரிவுக்குப் போங்கள்:

- குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், கட்டியைச் சுற்றிச் சிவப்பு வேகமாகப் பரவுதல்
- மேல் வயிற்றில் கடும் வலி, அது முதுகுக்குப் பாய்தல்
- குடித்த தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, சிறுநீர் வெகுவாகக் குறைதல்
- முகம், உதடு வீங்குதல், மூச்சுத் திணறல்
- வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறுதல்

நண்பரும் அம்மாவும்

நண்பரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அவருக்கும் இரண்டரை மடங்கு போயிருக்கிறது. அதே குப்பியின் கிருமி அவருக்கும் போயிருக்கலாம். ஆளுக்கொரு ஊசிதானே என்று நினைக்கலாம். யாராவது ஒருவர், தன் உடலில் குத்திய சிரிஞ்சை மறுபடி குப்பிக்குள் விட்டிருந்தால், கண்ணுக்குத் தெரியாத துளி ரத்தம் போதும், ஹெபடைட்டிஸ் பி, சி பரவுவதற்கு. இருவரும் ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. சோதனைகளை இப்போது ஒருமுறையும், மூன்றாம், ஆறாம் மாதங்களிலும் செய்துகொள்ளுங்கள். பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. போட்டிராவிட்டால் இப்போதே தொடங்கலாம்.

அம்மாவின் இன்சுலினுக்குப் பக்கத்தில் அதே போன்ற சின்னக் குப்பியை வைத்திருக்கிறீர்கள். அவசரத்தில் அவர் கைமாற்றி எடுத்துவிடக் கூடாது. ஜிப் கவரை அவர் கை படாத வேறு தட்டில், பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். பயன்படுத்திய ஊசிகளைக் குத்தி வெளிவராத கெட்டி டப்பாவில் போட்டு மருத்துவமனையில் ஒப்படையுங்கள். தெருக் குப்பையில் போட்டால் தூய்மைப் பணியாளரின் கையில்தான் குத்தும்.

தோளும் எடையும்

பிபிசி-157 எந்த நோய்க்கும் இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட மருந்து அல்ல. எலிகளில் செய்த ஆய்வுகள் நிறைய. மனிதர்களில் பாதுகாப்பையும் அளவையும் நிறுவும் முறையான பெரிய ஆய்வு இல்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022 முதல் தடைப்பட்டியலில் இதைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. போட்டிகளில் கலந்துகொள்ளும் எண்ணம் இருந்தால் நினைவில் வையுங்கள். தோள்பட்டை வலிக்கு முதலில் என்ன காயம் என்று தெரிய வேண்டும். எலும்பு மருத்துவர் கையை அசைத்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பெரும்பாலான தசைநார்ப் பிரச்சினைகள் பிசியோதெரபியில் சில மாதங்களில் குறையும்.

எடை விஷயத்தில் உங்கள் ஆசை நியாயமானது. உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 33-க்கு மேல். இது சிகிச்சைக்கு உரிய உடல்பருமன்தான். மருந்து கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதே போன்ற இன்னொரு ஊசி மருந்தான டிர்செபட்டைடு 2025 மார்ச்சிலும், எடைக் குறைப்புக்கான செமாக்ளூட்டைடு ஊசிப் பேனா 2025 ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு முறைப்படி வந்துவிட்டன. செமாக்ளூட்டைடின் காப்புரிமை 2026 மார்ச்சில் இங்கே முடிந்ததால் உள்நாட்டு நிறுவனங்களுக்கும் வழி திறந்திருக்கிறது. விலைக்காகத்தான் குப்பிக்குப் போனேன் என்கிறீர்கள். மருத்துவரிடம் விலையையும் சேர்த்தே பேசுங்கள். அவர் முதலில் சர்க்கரை, தைராய்டு, கல்லீரல் பார்ப்பார். கணைய அழற்சி வந்திருந்தால், குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தால் இந்த மருந்து உங்களுக்கு ஆகாது. இந்தக் கேள்விகளை ஜிம்மில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வரும் சில வாரங்களுக்குள் ஏதாவது அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருத்துவரிடமும் சொல்லுங்கள்; இரைப்பை காலியாகத் தாமதமாவதால் மயக்கத்தில் உணவு நுரையீரலுக்குள் போகக்கூடும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். உரிமம் இல்லாமல் மருந்து விற்பது 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று ஒட்டிவிட்டு மனிதர்கள் போட்டுக்கொள்ள விற்றால் அந்த வரி யாரையும் காப்பாற்றாது. மிச்சக் குப்பியை அடக்க விலைக்கு இன்னொருவருக்குத் தள்ளிவிடலாம் என்று தோன்றினால், அதைச் செய்யாதீர்கள். விற்றவராக நீங்கள் ஆகிவிடுவீர்கள்.

டாக்டரிடம் சொல்வது

சொல்லியே ஆக வேண்டும். முகம் பார்த்துச் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: குப்பியின் பெயர், எத்தனை மி.லி. தண்ணீர், எந்த சிரிஞ்ச், எத்தனை கோடு, எந்தத் தேதிகளில், எந்த இடத்தில், எத்தனை பேர் எடுத்தது. லேபிளையும் ரிப்போர்ட்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்வதை வைத்து அவர் கட்டியைப் பற்றிச் சரியான முடிவெடுக்கலாம். மருந்தின் பக்கவிளைவு என்று பதிவும் செய்யலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. அதில் நீங்களே நேரடியாகவும் புகாரைப் பதிவு செய்யலாம்.